ஆலயத்துக்கும் கூடத்துக்கும் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆலயத்தின் வடக்குச் சுவரிலும் அதை ஒட்டிய சபைக் கூடத்திலும் வேலை முடிந்து சாரம் பிரித்தாயிற்று. பொதுவாக நன்றி சொல்லிவிட்டுப் போவதைவிட, யார் எதைச் சரியாகச் செய்தார்கள் என்று எழுதிவைப்பது மேல். அடுத்து சாரம் கட்டுகிறவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி, சிமென்ட் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்ற கொத்தனார்களுக்கு. போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பதிவானதே 1824-இல்தான். இது அதற்கு மூத்த, சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர். உள்ளே ஏறும் ஓதம் சாந்து வழியாக வெளியேற வேண்டும். பிற்பாடு யாரோ இணைப்புகளில் பூசிய சிமென்ட் அந்த வழியை அடைத்ததால், ஈரம் செங்கல் வழியாகக் கிளம்பியது. அதோடு வந்த உப்பு செங்கல் முகத்துக்குப் பின்னால் பூத்து, முகத்தையே உதிர்த்தது. சாந்து கல்லாக நிற்க, செங்கல் மாவாகிப்போன சுவர்!

அந்தச் சிமென்ட்டை மெஷின் வைத்து அறுத்திருந்தால் இரண்டு நாள் வேலை. செங்கல் ஓரங்களும் கூடவே போயிருக்கும். உளியால் தட்டி, இணைப்பின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழம் எடுத்தார்கள். தூசி போக்கி, தண்ணீர் தெளித்து, 1 பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு 3 பங்கு கூர்மணல் (முனை மழுங்காத மணல்) சேர்த்த கலவையை அழுத்தித் திணித்தார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத்தான் இறுகும். அதற்கு ஈரமும் வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் தோல் மட்டும் கெட்டியாகும், உள்ளே பொடி. விடுமுறை நாளிலும் வந்து, சுவர் காயாதபடி போர்த்திய சாக்கை நனைத்தவர்களை மறக்க முடியாது.

அடுத்த நன்றி தச்சர்களுக்கு. கூரைச் சட்டத்தின் நடுக்கம்பம் பாரம் தாங்கும் தூண்போலத் தெரியும். ஆனால் அது மேலிருந்து தொங்கிக்கொண்டு, குறுக்கு விட்டம் தொய்யாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதன் அடியில் ஜாக்கி கொடுக்கலாம் என்ற யோசனையை அவர்கள் ஏற்காதது நல்லதாயிற்று. கெட்டிருந்தது சுவருக்குள் புதைந்த விட்டத்தின் முனைதான். நல்ல மரம் வரும்வரை குத்திப் பார்த்து வெட்டி, அதே ஜாதி மரத்தில் சாய்வு இணைப்பு போட்டு, முனையைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடைவெளியும் விட்டிருக்கிறார்கள்.

தீராத தலைவலி, கூடம் ஆலயத்தோடு சேரும் செங்குத்து விரிசல். ஆழமான அடித்தளத்தில் கனத்த ஆலயம், மேலோட்டமான அடித்தளத்தில் லேசான கூடம், அடியில் களிமண். வெயிலில் மண் சுருங்கக் கூடம் விலகும், மழையில் நெருங்கும். சிமென்ட் வைத்து அடைத்தபோதெல்லாம் விரிசல் ஒரு சாண் தள்ளிப் போய்த் திறந்தது. 12 மாதம் அளவுகோல் ஒட்டி அளந்து பார்த்த பொறியாளர், இரண்டையும் கம்பி போட்டுக் கட்டாமல், தனித்தனியே அசையவிடச் சொன்னார். சணல் கயிறு திணித்து, ஆலயச் சுவரில் மட்டும் பிடித்த ஈயப் பட்டை அதை மூடியிருக்கிறது. கூடத்துப் பக்கம் அந்தப் பட்டைக்கு யாரும் தயவுசெய்து ஆணி அடிக்க வேண்டாம்.

கூடுவாய்க்கு, அதாவது கூரைச் சரிவுகள் சேரும் இடத்து நீர்க்காலுக்கு, ஈயத் தகடு போட்டவர்களுக்கும் அதே நன்றி. நீளமாக ஒரே தகடாகப் போட்டால் ஒழுகாது என்றுதான் தோன்றும். 3 மீட்டர் தகடு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 3.5 மி.மீ. நீளும், நகர இடமில்லாவிட்டால் புடைத்து, நாளடைவில் கிழியும். அதனால் 1.5 மீட்டர் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 50 மி.மீ. படி இறக்கம்.

சாரம் நின்ற நாளெல்லாம் ஆராதனை நேரத்தை மாற்றிக்கொண்ட சபையாருக்கும், கூடத்து நாற்காலிகளைச் சுமந்த இளைஞர்களுக்கும் நன்றி. கூடுவாயில் இலை சேர்ந்தால் தண்ணீர் விட்டத்தின் முனைக்கே திரும்பும். மழைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் பெருக்கியாக வேண்டும். ஏணி மணிக்கூண்டின் அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆலயப் பராமரிப்புக் குழுவினர்