பூண்டுப் பாத்தியும் புதன்கிழமைக் கூட்டமும்

வத்தலக்குண்டு,
புரட்டாசி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. பள்ளியில் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், வாரம் ஒரு பீரியட் ‘உணர்வுப் பாடம்’ நடத்த வேண்டுமாம், என்ன சொல்லித்தருவது என்று கேட்டிருந்தாய். முதலில் அந்தப் பீரியடே வேண்டாம் என்று கேட்டுப்பார். கோபத்தைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் அழகாக நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அன்று மத்தியானமே ஒரு மண்வெட்டிக்கு இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும்போது அந்த நோட்டு உதவாது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் இந்த வயதுக்குக் கேட்டது நிலம். ‘எர்ட்கிண்டர்’, மண்ணின் பிள்ளைகள் என்றார். பயிர் வைக்கணும், விளைந்ததை விற்கணும், வந்த காசுக்குக் கணக்கு எழுதணும். 1939இல் அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் நீ இருக்கிற கொடைக்கானலிலேயே தங்கியிருந்தார். அங்கே அவர் வளர்த்தெடுத்தது 6 முதல் 12 வயதுக்கான கல்விதான். ஆனால் பெரிய பிள்ளைகளுக்கு அவர் கேட்ட மண் உன் வாசலிலேயே கிடக்கிறது.

ஐப்பசி வரப்போகிறது. ஒரு சென்ட் இடம் வாங்கி மலைப்பூண்டு போடச் சொல். விதைப்பூண்டு 2 முதல் 2½ கிலோ போதும். மேட்டுப்பாத்தி கட்டாவிட்டால் வடகிழக்கு மழையில் நீர் தேங்கி அழுகிவிடும். நடுகிற அன்று பல் பிரித்து, முனை மேலே இருக்கும்படி, வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ. விட்டு ஊன்றணும். நான்கு மாதத்தில், மாசியில் எடுக்கலாம். நான்கு மாதம் என்பதுதான் இதில் அருமை. களை எடுக்காமல் ஏமாற்றியவன் யார் என்று எல்லாருக்கும் தெரியவரும், அவனோடு பேசித் தீர்க்கவும் நாள் இருக்கும். கணக்கு, கொள்முதல், விற்பனை மூன்றுக்கும் மும்மூன்று பேரைப் போடு. காசு நிஜக் காசாக இருக்கட்டும். நஷ்டம் வந்தால் பெரியவர்கள் கைக்காசைப் போட்டு ரகசியமாகச் சரிக்கட்டுவது வழக்கம். அதை மட்டும் செய்துவிடாதே. பிள்ளைகள் தாங்கக்கூடிய சின்னத் தொகையோடு தொடங்கு, நஷ்டத்தை அவர்களே உட்கார்ந்து பேசட்டும்.

பேசுவதற்கு வாரக் கூட்டம் வேண்டும். புதன்கிழமை என்றால் புதன்கிழமைதான், அதே நேரம், 45 நிமிடம், வட்டமாகத் தரையில். சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிடு. பேச வேண்டியதை வாரம் முழுக்க அதில் எழுதலாம், பெயர் போட்டு. பெயர் இல்லாத புகாரை எடுக்கக் கூடாது. நடத்துபவரும் குறிப்பு எழுதுபவரும் வாராவாரம் மாறணும். முதலில் பாராட்டு. ‘நல்லவன்’ என்பது பாராட்டு ஆகாது. ‘நேற்று மழையில் படுதாவை இழுத்து மூடினாய்’ என்பது பாராட்டு. அடுத்து, போன வாரம் முடிவு செய்தது நடந்ததா என்று பார்ப்பது. அப்புறம்தான் புதிய விஷயம், ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். கைதூக்கி ஓட்டு எடுத்தால் தோற்றவர்கள் மூலையில் கூடிக்கொள்வார்கள். ‘இரண்டு வாரம் இப்படிச் செய்து பார்க்க உங்களுக்குச் சம்மதமா?’ என்று கேட்கச் சொல்.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் பெரியவர்களால்தான். பிள்ளைகள் பேசாமல் இருக்கும்போது நமக்குத் தாங்காது, தீர்ப்பைச் சொல்லிவிடுவோம். மனதுக்குள் பத்து எண்ணு. அங்கே இல்லாத பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தக் கணமே நிறுத்து. உடம்பு, வீட்டு நிலைமை, காதல் இவை எதுவும் கூட்டத்துக்கு வரக் கூடாது.

இரண்டு பேர் சண்டை என்றால் உடனே உட்காரவைக்காதே. கோபம் தணிய அரை மணி நேரமாவது விடு. பிறகு ஒருவர் சொல்லணும்: என்ன நடந்தது, எனக்கு என்ன உணர்வு வந்தது, எனக்கு என்ன வேணும். மற்றவர் பதில் சொல்லும் முன் கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று வந்த பிறகே அவர் முறை. நம் மொழி இதற்குக் கைகொடுக்கும், பாப்பா. ‘எனக்குக் கோபம் வந்தது’ என்கிறோம். வந்தது போகவும் செய்யும். ஆனால் ‘நீ என்னை மதிக்கலைன்னு தோணுது’ என்பது உணர்வு இல்லை, குற்றச்சாட்டு. ‘நீ எப்பவுமே’ என்று ஆரம்பித்தாலும் அப்படித்தான். இந்த வயதில் எல்லாவற்றுக்கும் ‘ஒரு மாதிரி இருக்கு’, ‘மூட் அவுட்’ என்பார்கள். எரிச்சலா, சலிப்பா, ஏக்கமா, பொறாமையா, கூச்சமா, ஆற்றாமையா என்று சொற்களை எடுத்துக் கொடு. ஆற்றாமையும் கோபமும் ஒன்று இல்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை, கதவை அறைவதற்குப் பதில் உதவி கேட்கும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே. பலம் உள்ளவன் பலம் இல்லாதவனைத் திரும்பத் திரும்ப வதைப்பது சண்டை ஆகாது. அங்கே இருவரையும் எதிரெதிரே உட்காரவைப்பது, வதைபட்ட பிள்ளைக்கு இன்னொரு வதை. பிரித்துவிடு, நீயே தலையிடு. அதேபோல, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதே. பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீ தெரிவித்தே ஆகணும். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி 1098 எண்ணை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிப்போடு.

வேலைப் பட்டியலை நீயே ஒருமுறை உற்றுப்பார். கழிவறை கழுவுவது, பாத்திரம் துலக்குவது, சமையல் எல்லாம் எல்லாருக்கும் சுற்றி வரணும், உனக்கும் சேர்த்து. மலைக் கிராமத்துப் பிள்ளையும் மதுரையிலிருந்து வந்து விடுதியில் தங்கும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கும்போது, துடைப்பம் யார் கைக்குத் தானாகப் போகிறது என்று கவனி. சாதி அங்கேதான் சத்தமில்லாமல் உள்ளே வரும். தோட்டக்கார அண்ணனை ‘நீ, வா’ என்று கூப்பிடும் பிள்ளையை உடனே தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில் திருத்து.

தூக்கத்தை விட்டுவிடாதே. இந்த வயதில் இரவுத் தூக்கம் தாமதமாகத்தான் வரும், 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். விடிகாலை 5 மணிக்கு மணியடித்து எழுப்பிவிட்டு, ஏன் சிடுசிடுக்கிறார்கள் என்று கேட்பது நியாயமில்லை. தினம் 20 நிமிடம் தனியாக உட்கார இடமும் கொடு. நாட்குறிப்பு எழுதினால் நீ படிக்கக் கூடாது, கெஞ்சிக் கொடுத்தால் ஒழிய.

பாத்திக்கு மக்கிய எரு இப்போதே சொல்லிவை, மழை தொடங்கினால் வண்டி ஏறாது. கூட்டத்துக்கு நீளமான கணக்கு நோட்டு இரண்டு வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். நூலில் பேனாவையும் கட்டிவிடு, இல்லாவிட்டால் பேனாவுக்கே ஒரு சண்டை வரும்.

அன்புடன்,
அம்மா