முகமாலையை ஒருக்கா வந்து பாத்திட்டு விலகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போலந்து, பின்லாந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா எண்டு அஞ்சு நாடுகள் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தை விட்டு விலகிறதா 2025ல அறிவிச்சவை. எங்கட ஆக்கள் கனபேர் அதைக் கணக்கிலயே எடுக்கேல்ல, பளையில இருக்கிற என்னால அப்பிடி விட ஏலாமத்தான் எழுதுறன்.

ஏ9 வீதியால யாழ்ப்பாணம் போய்வாற எல்லாருக்கும் முகமாலை தெரியும். 2000ல ஆனையிறவு விழுந்த பிறகு 2009 வரைக்கும் கிளாலியில இருந்து நாகர்கோவில் வரைக்கும் முன்னரங்கு கிடந்த இடம். ஆமியும் மிதிவெடி புதைச்சது இயக்கமும் (புலிகள்) புதைச்சது, ஒவ்வொரு சண்டைக்கும் லைன் முன்னுக்குப் பின்னுக்கு மாற மாற திரும்பத் திரும்பப் புதைச்சவை, பி4, டைப் 72, ஜொனி, ரங்கன் எண்டு எல்லா வகை மிதிவெடியும் ஒரே தென்னங்காணிக்குள்ள. இவ்வளவு புதைச்சும் என்ன நடந்தது, 2009 ஜனவரியில இயக்கம் அந்த லைனை விட்டிட்டுப் போகத்தான் வேண்டி வந்தது. வெடி மட்டும் மண்ணுக்க நிண்டிட்டுது.

அதை எடுக்கிற பிள்ளையளை நான் பாத்திருக்கிறன். கனபேர் பொம்பிளையள், புருசனைச் சண்டையில குடுத்திட்டு குடும்பத்தைத் தனிய இழுக்கிறவை. அந்த வெயிலுக்க பாரமான அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு முழங்காலில இருந்து, ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒழுங்கை பிடிச்சு ரேக்கால மண்ணை மெல்ல மெல்ல விறாண்டிக்கொண்டு போவினம். பி4 மாதிரி பிளாஸ்ரிக் வெடியில இரும்பு கொஞ்சமாத்தான் இருக்கு, டிடெக்டருக்கு லேசில அம்பிடாது, மற்றப்பக்கம் அந்த மண் முழுக்க செல் துண்டும் சன்னமும், அதுகளுக்கெல்லாம் மிஷின் கத்தும். கடைசியில கைவேலைதான். நாள் முழுக்க மாரடிச்சாலும் முடியிறது சில சதுர மீட்டர்தான்.

என்ர ஒண்டவிட்ட அண்ணர் மீளக்குடியேறின கையோட காணி துப்புரவாக்கப் போய் வலது காலைக் குடுத்தவர். ஜெய்ப்பூர் கால் எண்ட செயற்கைக் கால் போட்டுக்கொண்டுதான் இண்டைக்கும் மிளகாய்த் தோட்டம் செய்யிறார். வெயில் காலத்தில உள்ளுக்குப் போடுற சொக்ஸ் வேர்த்து ஊறி வெட்டின இடம் புண்ணாகிடும், பிறகு ஒரு கிழமை காலைக் கழட்டி மூலையில சாத்தி வைச்சிட்டு இருக்கவேண்டியதுதான். அவர் ஆமியுமில்ல இயக்கமுமில்ல. 2023ல மட்டும் உலகத்தில மிதிவெடியாலயும் வெடிக்காமக் கிடந்த குண்டுகளாலயும் செத்தும் காயப்பட்டும் போனவை 5,757 பேர், அதில 84 வீதம் பொதுச்சனம் எண்டு லாண்ட்மைன் மொனிட்டர் அறிக்கை சொல்லுது.

ரஷ்யா பக்கத்தில இருக்கு எண்டு அந்த அஞ்சு நாட்டுக்கும் இருக்கிற பயம் பொய்யில்ல, உக்ரைனுக்கு நடந்ததை எல்லாரும் பாத்தனாங்கள். ஆனா புதைச்ச இடத்தை வரைபடம் கீறி வைச்சு, சண்டை முடிய எடுத்திடுவம் எண்டு சொல்லுறதை என்னால நம்பேலாது. லைன் உடையிற நேரம் வரைபடத்தைக் கொண்டு ஓடுறவன் ஆர்? மாரி மழைக்கும் வெள்ளத்துக்கும் மண் அரிச்சு வெடி இடம் மாறினா அந்த வரைபடத்தால என்ன பிரயோசனம்?

1997ல ஒட்டாவாவில கையெழுத்து வைச்சு 1999 மார்ச்சில நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இது. பாவிக்கக் கூடாது, செய்யக் கூடாது, சேத்து வைக்கக் கூடாது, மற்றவைக்குக் குடுக்கவும் கூடாது எண்டு 160க்கு மேல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கு. சண்டைக்குள்ள நிக்கிற நாடு அந்தச் சண்டை முடியுமட்டும் விலகேலாது எண்டும் அதிலயே எழுதியிருக்கு. வசதியான காலத்தில கையெழுத்து வைச்சிட்டு பயம் வந்த உடன கழட்டிவிடலாம் எண்டா அது என்ன சட்டம்? அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் இண்டுவரைக்கும் சேரவே இல்ல, 2024 நவம்பரில உக்ரைனுக்கு மிதிவெடி குடுக்க ஓமெண்டது அமெரிக்காதான். அவையளைச் சேர்க்கப் பாடுபடவேண்டிய நேரத்தில உள்ளுக்க இருந்தவையே வெளிக்கிடுகினம்.

இலங்கை 2017 டிசம்பரில சேர்ந்தது, முழுக்க அகற்றி முடிக்கவேண்டிய தவணை 2028 ஜூன். 2025 ஜனவரியில அமெரிக்கா உலகம் முழுக்க இந்த வேலைக்குக் குடுக்கிற காசை நிப்பாட்டினமாதிரி இன்னொருக்கா நடந்தா அந்தத் தவணை பேச்சோட போயிடும். அரசாங்கம் வெளிநாட்டுக் காசை மட்டும் நம்பியிராம பட்ஜெட்டில தன்ர பங்கை ஒதுக்கவேணும், ஒப்பந்த நாடுகளின்ர அடுத்த கூட்டத்தில அந்த அஞ்சு நாட்டையும் பேர் சொல்லித் திரும்பி வரக் கேக்கவேணும், பக்கத்து நாடு எண்ட உரிமையில இந்தியாவையும் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கேக்கவேணும். எங்கட வடக்கு எம்பிமார் ஆரும் இதைப் பாராளுமன்றத்தில எடுப்பினமோ எண்டு தயவுசெய்து உங்கட நிருபர் ஒருக்காக் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
பளை வாசகர் ஒருவர்