மல்லாட்டைக் கொல்லையில் சவுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திண்டிவனம் பக்கத்து விவசாயிகள் லாபத்துக்காக நிலக்கடலையை விட்டுச் சவுக்கு மரத்துக்கு மாறுகிறார்கள் என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மாறியவர்களில் நானும் ஒருவன். எனக்கு இருப்பது இரண்டேகால் ஏக்கர் கொல்லை. ஆள் கிடைக்காமல்தான் மாறினேன், லாபக் கணக்குப் போட்டு அல்ல.

நிலக்கடலைக்கு விற்பனைக் கூடத்து ரசீதில் மணிலா என்று பெயர், எங்கள் வாயில் மல்லாட்டை. அது 105 நாள் பயிர். மார்கழியில் விதைத்தால் பங்குனியில் பிடுங்கியே ஆக வேண்டும். நாலு நாள் தள்ளிப்போய் இடையில் ஒரு கோடை மழை பெய்தால், எங்கள் ரகம் பூமிக்குள்ளேயே முளைத்துவிடும். மண் காய்ந்து இறுகினாலோ செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே நின்றுவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் ஊரில் எல்லார் கொல்லையும் ஒரே வாரத்தில் முற்றியது. எனக்குப் பதினைந்து பேர் வேண்டும். வந்தது நாலு பேர், அதிலும் என் மனைவியும் அண்ணியும் சேர்த்தி. பிடுங்கினால் போதுமா, உட்கார்ந்து காய் ஆய வேண்டாமா? இளவட்டங்கள் விடிவதற்குள் ஒரகடம் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, என் மகனும் அந்த வேனில்தான் போகிறான். எட்டாம் நாள் மழை வந்தது. பாதிக் கொல்லை முளைத்துப் போனது. மீதியைக் காட்டுப்பன்றி பார்த்துக்கொண்டது.

அந்த ஐப்பசியிலேயே இரண்டு ஏக்கரில் சவுக்கு நட்டேன், ஏக்கருக்கு 4,000 கன்று. முதல் வருடம் தண்ணீர், களை. அப்புறம் எட்டிப் பார்த்தால் போதும். வெட்டும்போது வியாபாரியே ஆளும் மெஷினும் லாரியும் கொண்டுவருவார்.

ஆனால் மூன்று, நான்கு வருடத்துக்குக் கொல்லையிலிருந்து ஒரு காசு வராது. மல்லாட்டைக் கொடி இல்லாமல் தீவனத்துக்கு வழியில்லை, இரண்டு கறவை மாட்டையும் விற்றுவிட்டேன். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்ததை நேரில் பார்த்தவன் நான். காற்று பலமாக அடித்தால் இன்றும் தூக்கம் வராது. இதையா லாபம் என்று எழுதினீர்கள்?

மல்லாட்டை பிடுங்கவும் காய் ஆயவும் மெஷின் இருக்கிறது. எங்களைப் போல் ஒன்றிரண்டு ஏக்கர்க்காரனுக்கு, முற்றிய அந்த வாரத்தில் அது வாடகைக்கு வந்து சேருமா என்பதை உங்கள் நிருபர் விசாரித்து எழுதட்டும். வருமென்றால் இந்தச் சவுக்கை வெட்டியதும் மறுபடி மல்லாட்டைதான் போடுவேன். மீதி 25 சென்டில் விதைக்கென்று இப்போதும் போட்டிருக்கிறேன். ராத்திரி பன்றிக்குக் காவல் நானும் என் டார்ச்சும்தான்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
திண்டிவனம் வட்டம்.