ஒரு பிட்காயினுக்கு எத்தனை அலகு மின்சாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்தே பிட்காயின் மைனிங் செய்து சம்பாதிக்கலாம் என்று சென்ற ஞாயிறு உங்கள் இளைஞர் பகுதியில் ஒரு கட்டுரை வந்தது. மெஷினை இரவு பகலாகக் கணக்குப் போட விட்டு, பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தைப் பரிசாகப் பெறுவதுதான் மைனிங். வரவைப் பற்றி அரைப் பக்கம். செலவைப் பற்றி, மின்கட்டணம் சற்றுக் கூடும் என்று ஒரே வரி. அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். 19 வருடமாக ஒரு ஐஸ் கம்பனியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு கட்டிக்கு எத்தனை அலகு மின்சாரம் போகிறது என்று பார்க்காமல் நாங்கள் விலை சொல்வதில்லை.

என் தங்கையின் மகன் இப்படியான பேச்சை நம்பி, பாவித்த எஸ்19 புரோ மைனிங் மெஷின் ஒன்றைக் கடன்பட்டு வாங்கிப் பின் அறையில் வைத்தான். கதவைச் சாத்தினாலும் விறாந்தையில் பேசுவது கேட்காது, அவ்வளவு இரைச்சல். மூன்று மாதத்தில் உப்புக் காற்றில் விசிறி ஆணிகள் துருப்பிடித்துவிட்டன. அப்புறம்தான் கரண்ட் பில்லோடு வந்து, "பெரியம்மா, இதை ஒருக்காப் பாருங்கோ" என்றான்.

இருவருமாக இருந்து கணக்குப் போட்டோம். மெஷினின் வேகம் 110 டெராஹாஷ், அதாவது செக்கனுக்கு 110 இலட்சம் கோடி கணிப்பு; இழுப்பது 3,250 வாட். நாளுக்கு 78 அலகு. மைனிங் பரிசு 2024 ஏப்ரலில் பாதியான பிறகு, ஒரு பிளொக்குக்கு (கொடுக்கல் வாங்கல்களைப் பதியும் ஒரு தொகுதிக்கு) கிடைப்பது 3.125 பிட்காயின். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளொக் என்றால், உலகம் முழுவதற்குமே நாளுக்கு 450தான். அதை எல்லா மெஷின்களும் வேகத்துக்கேற்பப் பங்கிட வேண்டும். 2025இல் மொத்த வேகம் ஆயிரம் எக்ஸாஹாஷைத் தொட்டது (ஒரு எக்ஸாஹாஷ் என்றால் 10 இலட்சம் டெராஹாஷ்). அந்த அளவில் இவனுடைய மெஷின் ஒரு பிட்காயின் சேர்க்க 20,200 நாள் வேண்டும். 55 வருடம்! அதற்குப் போகும் மின்சாரம் ஏறக்குறைய 15 இலட்சத்து 75 ஆயிரம் அலகு. அலகு 60 ரூபா என்று வைத்தாலும் 9 கோடியே 45 இலட்சம் ரூபா. டொலர் 300 ரூபா என்றால் 3 இலட்சத்து 15 ஆயிரம் டொலர். பிட்காயின் 2025இல் தொட்ட உச்ச விலையே 1 இலட்சத்து 26 ஆயிரம் டொலர் சொச்சம்தான்.

சரி, புதிய எஸ்21 வாங்கினால்? 200 டெராஹாஷ், 3,500 வாட். அதே கணக்கில் ஒரு பிட்காயினுக்கு 5 கோடியே 60 இலட்சம் ரூபா. இதே மெஷினை, அலகு 5 அமெரிக்கச் சதத்துக்குக் கிடைக்கும் நாட்டில் ஓட்டுகிறவருக்கு 46,700 டொலர் போதும். யாருடைய கரண்ட் விலையில் என்று சொல்லாமல் 'உற்பத்திச் செலவு' என்று ஒரு தொகையை எழுதுவது பிழை. இதில் மெஷினின் விலையையும் கடன் வட்டியையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கூரையில் சோலர் போட்டால் கரண்ட் இலவசம்தானே என்கிறார்கள். மின்சாரசபைக்கு விற்கக்கூடிய அலகை மெஷினுக்குக் கொடுத்தால், விடுபட்ட அந்த வரவும் செலவுதான்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பக்கத்தில் இன்னொரு ஐஸ் கம்பனி வந்தால் எங்கள் விலை இறங்கலாம், ஆனால் அதே கரண்டுக்கு அதே அளவு ஐஸ் உறையும். மைனிங்கில் அப்படியில்லை. 2,016 பிளொக்குக்கு ஒரு தடவை, ஏறக்குறைய இரண்டு வாரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு பிளொக் என்ற அளவு மாறாதபடி மெஷின்கள் போடும் கணக்கின் கடினம் திருத்தப்படுகிறது. ஊர் பேர் தெரியாத யாரோ புது மெஷின்களை இறக்கினால், இவன் அதே 78 அலகை எரித்துக் குறைவாகத்தான் பெறுவான். இந்த மாத வரவை 12ஆல் பெருக்கி வருட வருமானம் என்று காட்டுவது இதனால்தான் பொய்க் கணக்கு.

மைனிங் செய்ய எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2021இலும் 2022இலும் அறிவித்ததும் அந்தக் கட்டுரையில் இல்லை.

இனி இப்படி ஒரு கட்டுரையோ விளம்பரமோ போடுவதானால், மெஷினின் வாட், எங்கள் மின்கட்டணப்படி ஒரு மாதப் பில், அந்த மாதத்து வரவு, இந்த மூன்றையும் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். போட ஆளில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், கணக்கை நானே செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பனிக் கணக்கெழுத்தாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.