எட்டயபுரத்துப் புத்தகம்

அன்புள்ள மீனா,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? இங்கே பேத்திக்குப் பரீட்சை முடிந்து வீடு மறுபடி கலகலப்பாகிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர், ராகங்களையும் கீர்த்தனைகளையும் ஸ்வரக் குறிப்போடு தொகுத்த 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' இருக்கிறதே, அதன் முதல் பதிப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன்! 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான தெலுங்குப் பதிப்பு. எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள். வீணை வாசிப்பவள் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். காகிதம் பழுத்து, ஓரத்தைத் தொட்டாலே உதிர்கிறது. அச்சு மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

மியூசிக் அகாடமி போட்ட தமிழ்ப் பதிப்பு என்னிடம் உண்டுதான். ஆனாலும் அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஸ்வரங்களோடு பொடிப்பொடியாகக் கமகக் குறிகள், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிப்பதற்கான குறிகள். நெளிகோடு வந்தால் கம்பிதம் என்ற அசைவு, சாய்கோடு வந்தால் ஜாரு என்ற வழுக்கல், பெருக்கல் குறி வந்தால் ஒதுக்கல் என்ற தந்தி இழுப்பு. எந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும், எங்கே தந்தியை இழுக்க வேண்டும் என்பது வரை தாளிலேயே இருக்கிறது. சின்னசாமி முதலியார் 1893-இலேயே நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டவர். அவர் வற்புறுத்தியதாலும் எட்டயபுரம் ஜமீன் செலவை ஏற்றதாலும்தான் இந்தப் புத்தகமே வந்தது. தீட்சிதர் பரம்பரை வீட்டுக்குள் பொத்திவைத்திருந்ததை, அறுபத்தைந்து வயதில் ஊருக்கே எடுத்துக் கொடுத்துவிட்டார் சுப்பராம தீட்சிதர். இரண்டே வருஷத்தில் காலமானார். பாரதி அவருக்கு இரங்கற்பா பாடியது உனக்கே தெரியும்.

எனக்கு இதில் கீர்த்தனைகளைவிடப் பெரிதாகப் படுவது சஞ்சாரிதான், ராகம் எப்படியெல்லாம் நடக்கும் என்று ஸ்வரங்களிலேயே காட்டும் உருப்படி. ராகத்துக்கு லட்சணம், கீதம், கீர்த்தனை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தானே ஒரு சஞ்சாரி எழுதி வைக்கிறார். 'இலக்கணம் சொன்னேன், இனி இப்படிப் போய்ப் பார்' என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போல இருக்கிறது. நாமோ கீர்த்தனையை மட்டும் பாடம் பண்ணிவிட்டுச் சஞ்சாரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். நொட்டேஷன் வந்து சங்கீதத்தைக் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் அந்தப் பக்கங்களை ஒரு தடவை வாசித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று. இந்தப் புத்தகத்தின் மேள வரிசையில், அதாவது தாய் ராகங்களின் வரிசையில், இருபத்திரண்டாவது இடத்தில் கரகரப்ரியாவைத் தேடாதே. அங்கே ஸ்ரீராகம்தான் உட்கார்ந்திருக்கும். மேளங்களை வகுத்த வேங்கடமகியின் வழி அப்படி. நாம் படித்த மேள வரிசையை வைத்துக்கொண்டு பார்த்தால் தலை சுற்றும். ராகத்தை அதன் பிடிகளால், அதாவது அதற்கே உரிய ஸ்வரக் கோவைகளால், பழகியவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

புத்தகத்தை அடுத்த மாதம் ஒரு நூலகத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நல்ல முடிவுதான். அதற்குள் நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ. எனக்குத் தெலுங்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நீ சரளமாகப் படிப்பாய். நீ படி, நான் வாசிக்கிறேன். முதலில் ஸ்ரீராக சஞ்சாரி, அப்புறம் நேரம் இருந்தால் மற்றது. எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது, தம்பியை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ருக்கு