டோனி மக்மஹன் அவர்களுக்கு: உங்கள் தீர்ப்பை ஏற்க மறுத்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டோனி மக்மஹன் அவர்களுக்கு,

வணக்கம். 2021 அக்டோபரில் உங்கள் மறைவுச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த கடிதம் இது. மறைந்தவரோடு வாதாடுவது முறையல்ல என்பார்கள். அதற்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வாதத்தைத் தொடங்கி வைத்தவர் நீங்கள். ஐரிஷ் மரபிசைக்கு அக்கார்டியன் என்னும் துருத்திப் பெட்டி பொருந்தாத கருவி என்று, அதை வாசித்தே பெயர்பெற்ற நீங்கள், பொதுவெளியில் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

உங்கள் தரப்பு எனக்கு விளங்காமல் இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்: நீங்கள் உயிராக நேசித்த, தாளக்கட்டு இல்லாத அந்த விளம்ப மெட்டுகளில் பல, பழைய ஐரிஷ் மொழிப் பாடல்களிலிருந்து வந்தவை. பாடுபவரின் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும். அயர்லாந்தின் பைக்குழலான இல்லியன் பைப்பிலும் விரலால் சுரத்தை வளைக்க முடியும். அக்கார்டியனின் உலோக நாக்குகளுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. கமகம் வராது என்ற இதே குறையைச் சொல்லித்தான் எங்கள் அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது.

அப்படியானால் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததற்கு என்ன பெயர்? 1972இல் கேல் லின் நிறுவனம் வெளியிட்ட உங்கள் தனி ஆல்பத்தின் விளம்ப மெட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நீட்டிப் பிடித்த ஒரு சுரத்தில் துருத்தியின் அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போகிறீர்கள். நாக்கு அதிர்வதை நிறுத்திவிடுமோ என்று கேட்பவர் பதறும் இடத்தில், ஒரு சிறு சுழிப்புடன் அடுத்த சுரம் பிறக்கிறது. அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்த என் அம்மா, "யார் வீட்டு இழவுடா இது?" என்று கேட்டார். அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. பெட்டிதான் வாசிக்கிறார்கள் என்று நான் சொல்லியும் நம்பாமல், மெட்டு முடியும்வரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அழுகையை அவருக்குக் கேட்க வைத்த கருவியை நீங்கள் எந்த உரிமையில் பழித்தீர்கள்?

கோபம் வருகிறது ஐயா. உங்கள் பேச்சைக் கேட்டு எத்தனை இளைஞர்கள் கையிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்திருப்பார்கள்! உங்கள் நண்பர்களும் மாணவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை. உங்கள் கடைசி ஆண்டுகளைப் பற்றியும் எழுதப்போவதில்லை. இசையைச் சந்தைச் சரக்காக்குவதை எதிர்த்து நீங்கள் போட்ட சண்டையில் முழுக்க உங்கள் பக்கம்தான் நான். அந்தக் கறார்த்தனத்தின் மறுபக்கம்தான் இந்தப் பழிச்சொல்லும் என்று சில நாட்களில் சமாதானம் செய்துகொள்கிறேன். சில நாட்களில் முடிவதில்லை.

நோயல் ஹில் வாசித்த கான்செர்டினா என்னும் சிறு துருத்திக் கருவியோடு, கார்க் மாவட்டத்து நாக்நக்ரீ ஊரின் மதுக்கடையில் நடனக்காரர்களை ஆடவிட்டு நீங்கள் வாசித்த 1985ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்கும்போது அந்தக் கோபமும் நிற்பதில்லை. ஆடுபவர்களின் காலணிகள் தரையை அறையும் ஓசையை அதிலிருந்து நீக்காமல் விட்டீர்களே, அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆட்டத்துக்கு வாசிக்கும்போது உங்கள் இசை விரைகிறதே தவிர எங்கும் பதறுவதில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். சிறுவயதில் கிளேர் மாவட்டத்து உங்கள் வீட்டுக்கு வந்துபோன ஜோ கூலியின் வாசிப்பில்தான் நீங்கள் மயங்கினீர்கள். 1973இல் அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், கால்வே மாவட்டத்தில் அவருடைய சொந்த ஊர் மதுக்கடையில் அவர் வாசித்ததைப் பதிவுசெய்து 1975இல் ஆல்பமாக வெளிவரச் செய்ததில் முன்னின்றவரும் நீங்களே. கூலியின் கையில் இருந்ததும் இதே பெட்டிதானே? பொருந்தாத கருவி என்று அவர் முகத்துக்கு நேரே உங்களால் சொல்லியிருக்க முடியுமா?

அன்புடனும் வழக்குடனும்,
உங்கள் ரசிகன்