வேலியில் சுருக்குக் கம்பி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று காலை ஓடைப்பக்க வேலியில் ஒரு சுருக்கு கிடந்தது. பைக் கிளட்ச் கம்பிதான்; சுற்றி மண் பிறாண்டிக் கிடந்தது, கம்பியில் கொஞ்சம் ரோமம். முயலுக்கு வைத்திருப்பார்கள். ஆனால் அந்த வழியாக நம் ஆடும் நாயும்கூடப் போகும். அவிழ்த்து வனக்காப்பாளரிடம் கொடுத்துவிட்டேன்.

"சுருக்கு மட்டும்தானே வைத்தோம், எதுவும் மாட்டவில்லையே" என்று தப்பிக்க முடியாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும், பிடிக்க முயல்வதும், பறவை முட்டையை எடுப்பதும்கூட வேட்டைதான். முயல், கௌதாரி என்றால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். உடும்பும் மயிலும் அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள விலங்குகளில், இருக்கின்றன. அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு, அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கறியை விலைக்கு வாங்கி வைத்திருப்பவரும் மாட்டுவார். வேட்டைக்குப் பயன்படுத்திய வண்டியும் பறிமுதலாகிப் போய்விடும்.

காட்டுப்பன்றித் தொல்லை எனக்கும் உண்டு, கடலைக்காடு பாதி போச்சு. அதற்காக அவுட்டுக்காயோ (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி) கரண்ட் கம்பியோ வேண்டாம். பயிர்ச்சேதத்துக்குப் படம் எடுத்து, சிட்டாவோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், வேலிகளைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அப்புறம், போன வாரம் இங்கே முயல் கறிப் படம் போட்டு அழித்தவருக்கு: எல்லாரும் பார்த்துவிட்டோம். இன்னொரு முறை போட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுவேன்.

– அட்மின்